“சில இடங்களில் பலத்த மழை”: எந்த இடங்களில்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலிச் செய்தியின் முடிவில் வரும் வானிலை அறிக்கை நம் எல்லோருக்கும் மனப்பாடம். மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை; சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல் பலத்த மழை. இடைப்பருவ காலத்தில் அநேகமாக நாள்தோறும் இதே செய்தி வருவதால் கேட்கும் காது மரத்துப்போகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தைக் குறைசொல்ல நாம் இதை எழுதவில்லை. ஹந்தானையில் கொட்டும்போது கட்டுகஸ்தோட்டையில் வெயில் அடிக்கும். இத்தகைய மழை எந்த மலையில் இறங்கும் என்று ஒருநாள் முன்னதாகக் குறித்துச் சொல்வது எந்த நாட்டிலும் கடினமே.

எமது கேள்வி வேறு. கொழும்பிலிருந்து வரும் அந்தச் “சில இடங்கள்” இன்றிரவு நமது லயமாக இருக்கலாம் என்று தோட்டத்தில் யார் சொல்வது?

சூறாவளி என்றால் கரையோரத்தார் கவலை என்றே மலைநாட்டில் எண்ணிவந்தோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பு பட்ட பாடுதான் நம் நினைவில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மத்திய மலைகளில் பெருமழை இறங்கியது. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல். நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். கண்டி மாவட்டத்திலேயே உயிரிழப்பு ஆகக் கூடுதல். பலரை மண் மூடியது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற முறைப்பாடும் அப்போது எழுந்தது. தமிழ் ஆட்சிமொழியானது 1987இல்!

தமிழில் வந்தாலும் அது மட்டும் போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தல் இருந்தது, போக இடம் இருக்கவில்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு அளவுகள் வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 மி.மீ. என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மி.மீ. அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் வெளியேறவே வேண்டும். இதை அறிய பெரிய கருவி தேவையில்லை. பக்கங்கள் நேராக உள்ள பால்மா டின் ஒன்றைக் கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்தால் போதும். அடிமட்டத்தில் ஏழரைச் சென்ரிமீற்றர்தான் முதல் எச்சரிக்கை. தினமும் காலையில் டின்னைக் கவிழ்த்துவிட வேண்டும். பல தோட்டங்களில் மழைமானி உண்டு. அந்தக் கணக்கு தொழிற்சாலைப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. அதை லயத்துச் சுவரில் எழுதினால் என்ன? ஆனால் நாட்கணக்கில் நனைந்த மண் குறைந்த மழையிலும் சரியும். நிலம் வெடித்தாலும், மரம் சாய்ந்தாலும், ஊற்று திடீரெனக் கலங்கினாலும் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்ததைத் தோட்ட நிர்வாகங்கள் விரும்பமாட்டா. இரவில் பிள்ளைகளோடு பாடசாலைக்கு ஓடிய தாய் மறுநாள் மலைக்குப் போகாவிட்டால் அவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. இரண்டுமுறை ஓடி, இரண்டுமுறையும் மலை சரியாதிருந்தால், மூன்றாம்முறை அவள் கொழுந்துக் கூடையைத்தான் பார்ப்பாள். அதை அறியாமை என்று சொல்பவர்கள் அவளுடைய கடைக்கடனைக் கட்டுபவர்கள் அல்லர். வெளியேறச் சொன்ன நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. தொழிற்சங்கங்கள் இதைச் சம்பளப் பேச்சில் ஒரு நிபந்தனையாக வைக்கலாம்.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலப் பக்கத்து வாசகர்கள் செப்டெம்பர் முடியுமுன் தத்தம் லயத்தார் கூடியிருந்து சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்ளட்டும்: டின்னை இரவில் யார் பார்ப்பது, கோயில் ஒலிபெருக்கியின் அல்லது ஆலய மணியின் திறப்பு யாரிடம் இருப்பது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, பாடசாலைக் கதவை யார் திறப்பது. பெயர்களை எழுதி ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் மற்றொன்றைத் தோட்ட அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைக்கவும்.