ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் காதல்

சென்ற மாதம் கவிதை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் அன்றாட வாழ்க்கை கலைக்கு விரோதி என்றார். காதல் கற்பனையில் பிறந்து கற்பனையிலேயே வாழ்வது. கல்யாணமாகி வாடகையும் அரிசி விலையும் பேச ஆரம்பித்ததும் அது செத்துவிடுகிறது. ஆகவே கலைஞன் கைக்கு எட்டாத பெண்ணைத்தான் எழுத முடியும் என்பது அவர் கட்சி. சாட்சிக்கு மௌனியை அழைத்தார். அங்கிருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினோம். நானும்தான். வீடு திரும்பிய பிறகு வெட்கமாக இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

மௌனியை இதற்குச் சாட்சியாக்குவது அநியாயம். 1937இல் வந்த 'அழியாச் சுடர்' கதையில் கோயிலும் யாளியும் அந்தப் பெண்ணும் ஒரு மனத்தின் தகிப்பில் உருக்கொள்கிறார்கள். அந்த அவஸ்தை மௌனியுடையது. பின்னால் வந்தவர்கள் அவஸ்தையை விட்டுவிட்டுப் பிரகாரத்து இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெயரில்லாத 'அவள்' ஒருத்தி கவிதைக்குக் கவிதை வந்து நிற்கிறாள். அவளுக்குப் பல்வலி வராது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். மனம் தன் சௌகரியத்துக்குச் செய்துவைத்துக்கொண்ட பொம்மை இது. இதைக் கற்பனை என்று சொல்வது பம்மாத்து.

மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்ன புதுமைப்பித்தன்தான் 'செல்லம்மாள்' கதையையும் எழுதினார். நண்பருக்கு இது ஞாபகம் வரவில்லை. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி தீராத நோயாளி. கதை தொடங்கும்போதே அவள் இறந்தாகிவிட்டது. பிறகு கதை பின்னால் போகிறது. வைத்தியம், சமையல், கடைக்கு நடந்து போய் நடந்து திரும்புதல், அவள் பார்த்து எடுத்துக்கொள்ளக் கடையிலிருந்து கொண்டுவரும் சேலைகள், ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை. காதலைப் பற்றி வியாக்கியானம் எதுவும் கிடையாது. இறந்த உடலைக் குளிப்பாட்டும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு அவள் உடம்பு தெரியும். வருஷக்கணக்கில் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்ட பரிச்சயம் அது.

நண்பர் அன்றாடத்தையும் பழக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார். பழக்கம் கண்ணை மறைக்கும். தினமும் பக்கத்தில் கிடக்கிற மனுஷியைப் பார்க்காமலே இருபது வருஷம் ஓட்டிவிடலாம், பலரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். அந்த மறைப்பு விலகி, அவளுக்கும் ஒரு அகம் உண்டு, அது என்னுடையது அல்ல என்று ஒரு கணம் உறைப்பதற்குத்தான் கற்பனை வேண்டும். கோயிலில் கண்ட முகத்தை நினைத்து உருகுவதற்கு வேண்டியதைவிட இதற்கு அதிகமாகவே வேண்டும்.

எதிர்த் தரப்பினர் இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய், ரேஷன் கார்டு, ஒழுகும் கூரை என்று ஜாபிதா போட்டுவிட்டால் வாழ்க்கை வந்துவிடுமென்று அவர்கள் நினைக்கிறார்கள். ஜாபிதாவில் செல்லம்மாளும் இன்னொரு சாமானாகிவிடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. நம் வட்டத்தில் அதைச் சிலாகிக்காதவர் இல்லை. (செல்லம்மாள்தான் கமலா என்று கண்டுபிடித்துச் சொல்லும் அசட்டுத்தனத்துக்கு நான் வரவில்லை.) அந்தக் கமலா விருத்தாசலமும் கதைகள் எழுதியவர். சிலாகித்தவர்களில் எத்தனை பேர் அவற்றைத் தேடிப் படித்தோம்? கடிதம் பெறுகிறவளாக அவர் இருப்பது நமக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நண்பரின் 'அவள்' நம் எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறாள்.

புதிதாக எழுதிய காதல் கவிதையை எனக்கு அனுப்பிவைப்பதாக நண்பர் சொல்லியிருக்கிறார். முதலில் அதைத் தம் மனைவியிடம் படித்துக் காட்டட்டும். அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து அனுப்பட்டும்.