கம்பி வேண்டாம்! பரண் வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும்!



மல்லாட்டை பயிர் வைத்தவர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பூ உதிர்ந்து, விழுது மண்ணுக்குள் இறங்கி, காய் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்னி வருது. ஒண்ணு ரெண்டு இல்லை, தாயும் குட்டியுமாகக் கூட்டமாக வருது. விடியறதுக்குள்ளே அரைக் காணி கொல்லையை ஏர் ஓட்டினது போலக் கிளறிப் போட்டுட்டுப் போயிடுது. விதைக்கு வாங்கிய கடன், உரத்துக்கு வாங்கிய கடன், களையெடுத்த கூலி எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போகுது. கரும்புக் கொல்லையிலும் இதே கதைதான்.

இதுக்கு நாம் என்ன செய்கிறோம்? வெளிப்படையாகவே பேசுவோம். நம்மில் சிலர் திருட்டுத்தனமாகக் கரண்டுக் கம்பி இழுக்கிறோம். வேறு சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். கம்பியில் மாட்டிச் செத்தது பன்னி மட்டுமா? ராத்திரி தண்ணி கட்டப் போனவர், விடியக்காலை கொல்லைக்குப் போன பெண், எலி பிடிக்கப் போன பையன் என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் ஒரே கம்பியில் செத்து விழுந்தன. கம்பிக்குக் கண் இல்லை. யார் வந்தாலும் பிடிக்கும். கம்பி கட்டியவரும் விவசாயி, செத்தவரும் விவசாயி, ஜெயிலுக்குப் போவதும் விவசாயி. இந்தக் கணக்கில் அரசாங்கத்துக்கு ஒரு பைசா நட்டம் இல்லை!

அதனால் சொல்கிறோம். பன்னியைக் கொல்லத்தான் வேண்டும் என்றால் கண்ணுள்ள ஆயுதம் வேண்டும். பார்த்து, நிதானித்து, வேண்டாம் என்றால் சுடாமல் விடக்கூடிய ஆள் வேண்டும். அந்த ஆள் உட்கார உயரமான இடம் வேண்டும்.

பரண் நமக்குப் புதுசா? தினைப்புனத்தில் வள்ளியம்மை பரண் மேல் நின்றுதானே கவண் எறிந்து காவல் காத்தாள்! அந்தப் பரணில் இன்றைக்கும் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. தரையில் நின்று சுட்டால் குண்டு படுக்கையாகப் போகும். குறி தப்பினால் அடுத்தவன் கொல்லை, அதையும் தாண்டினால் அடுத்த ஊர். ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். பரண் மேலிருந்து, கிட்டே வந்த பன்னியைச் சுட்டால் குண்டு சரிந்து கீழே இறங்கும். பட்டாலும் படாவிட்டாலும் மண்ணு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நம்ம ஊரில் மண்ணு மட்டுமா இருக்கு? மகேந்திரவர்ம பல்லவன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் குடைந்த கோயில் நிற்கிற பாறை ஊர் இது. பாறையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவனுக்கே தெரியாது. ஆகவே பாறையைப் பார்த்துப் பரண் கட்டக் கூடாது. பகலிலேயே போய்ப் பார்த்து, எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் வீடு, மோட்டார் கொட்டகை, வண்டிப்பாதை இருக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

சுடப்போவது வனத்துறை ஆளாக இருந்தாலும் சரி, நாளைக்கு உத்தரவு பெற்ற லைசென்ஸ்காரராக இருந்தாலும் சரி, எங்கள் கருத்து இதுதான். தோட்டா போட்ட துப்பாக்கியோடு மரம் ஏறவே கூடாது. முதலில் ஆள் ஏறி, இடுப்புக் கயிற்றை மரத்தில் கட்டி உட்காரணும். பிறகுதான் தோட்டா இல்லாத துப்பாக்கியை, குழல்வாய் தரையைப் பார்க்கத் தொங்கும்படி கயிற்றில் மேலே இழுக்கணும். இறங்கும்போதும் அப்படியே. தோட்டாவை எடுத்து, காலிதானா என்று கண்ணால் பார்த்து, துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டு, அதற்கப்புறம் ஆள் இறங்கணும். சுடும் நொடி வரைக்கும் விரல் விசை மேலே போகக் கூடாது.

சத்தத்தைக் கேட்டுச் சுடாதே. கண் மினுங்குவதைப் பார்த்துச் சுடாதே. மாட்டுக்கும் நாய்க்கும் கண் மினுங்கத்தான் செய்யும். வெளிச்சத்தில் முழு உடம்பும் தெரியணும், அதுக்குப் பின்னால் என்ன இருக்குன்னும் தெரியணும். சந்தேகம் வந்தால் விட்டுவிடு. மல்லாட்டை போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம், மனுஷனை எந்தப் பட்டத்தில் விதைப்பது?

பன்னிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. அதனால் காற்று வருகிற பக்கம் பார்த்து உட்காரணும். பீடி வேண்டாம், செல்போன் வேண்டாம், பேச்சு வேண்டாம். பன்னிக்குத் தெரியாமல் உட்காரலாம், ஊருக்குத் தெரியாமல் உட்காரக் கூடாது. எந்தப் பரணில் யார், எத்தனை மணி வரை என்று அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லணும். அன்று ராத்திரி அந்தப் பக்கம் ஒருவரும் தண்ணி கட்டப் போகக் கூடாது. அதே நேரம், துப்பாக்கி டீக்கடைக்கு வரக் கூடாது. செத்த பன்னியோடு போட்டோ எடுத்து அனுப்புகிற வேலையும் வேண்டாம். இது பயிர் காக்கிற காரியம், வீரம் காட்டுகிற காரியம் அல்ல.

தோழர்களே! சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிருக்கு ஆபத்தாகிப்போன காட்டுப்பன்னியைக் கொல்ல எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க வனத்துறைக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு இல்லாமல் நம் பட்டா நிலத்திலேயே சுட்டாலும் குற்றம்தான். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் அது தனி வழக்கு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி மருந்து கிட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் தருகிறது. ஆக, சட்டத்தில் வழி இருக்கு. அந்த வழி கொல்லை வரைக்கும் வரவில்லை, அதுதான் நம் வழக்கு!

கேரளத்தில் 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடலாம் என்றார்கள். விஷம், வெடி, கரண்டு கூடாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அரசு அறிவித்தது என்ன? காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவோம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும் என்றது. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் பன்னி அரசாணையைப் படித்துவிட்டா வருது? மனு கொடுத்து ஆள் வருவதற்குள் அறுவடையே முடிந்துபோனால் அந்த அறிவிப்பால் யாருக்கு என்ன பயன்?

எனவே நாம் கேட்கிறோம்:

1. மனு கொடுத்த மூன்று நாளுக்குள் வனத்துறை கொல்லையைப் பார்வையிட்டு எழுத்து மூலம் பதில் தரணும்.

2. பயிற்சி பெற்ற சுடும் குழுவை ஒன்றியத்துக்கு ஒன்று அமர்த்தணும். லைசென்ஸ் உள்ளவர்களுக்கும் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளணும்.

3. உறுதியான பரணை அரசு செலவில் அமைக்கணும். பரண் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் அச்சடித்து ஊருக்கு ஊர் ஒட்டணும்.

4. அழிந்த பயிருக்கு அடுத்த விதைப்புக்கு முன்னால் நட்ட ஈடு கைக்கு வந்து சேரணும்.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. இன்றைக்கே போய்த் திருட்டுக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டுவோம். கையில் கம்பியை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அவிழ்த்துவிட்டுக் கேட்டால் பதில் சொல்லாமல் யாரும் நகர முடியாது.

பயிரும் வேண்டும்! உயிரும் வேண்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
மண்டகப்பட்டு விவசாயிகள்