எழுத்திற்கு இடந்தேர்தல்

தம் எண்ணங்களை எழுதி இணையத்தின்வழி உலகோர்முன் வைக்க விழைவார்க்கு, நிரல் எழுதும் பயிற்சி இன்று இன்றியமையாததன்று. 1999-இல் தோன்றிய பிளாகரும், 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸும் அத்தடையைப் பெரிதும் நீக்கின. ஆயினும், எளிமை ஒன்றையே கருதி இடந்தேர்தல் அறிவுடைமையாகாது.

ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் எண்ணற்றோர் பொருட்செலவின்றித் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009-இல் யாகூ நிறுவனம் அமெரிக்காவில் அதனை மூடிற்று. படியெடுத்து வையாதார் பலருடைய பல்லாண்டு உழைப்பு அதனோடு மறைந்தது.

ஆதலின், எழுதுதல் எளிதோ என வினவுமுன், எழுதியவற்றை வேண்டும்பொழுது எடுத்துச் செல்ல இயலுமோ என வினவுதல் வேண்டும். மேற்கூறிய இரண்டும் அதற்கு இடந்தருகின்றன. ஆண்டுக்கட்டணம் செலுத்தித் தமக்கெனத் தனிமுகவரி பெறின், தளம் மாறினும் படிப்போர் வழிதவறார். குடியிருக்கும் வீடு பிறருடையதாயினும், பெட்டியின் திறவுகோல் தம்மிடமே இருத்தல் நன்று.