எனக்கு 36 எதிரிகள் போதும்

ஸ்பேஸ் இன்வேடர்ஸின் பழைய வீட்டுப் பதிப்புகளை ஒப்பிடுற ஆக்கள் அனேகமாக ஒரே அளவுகோலைத்தான் தூக்குவினம்: ஆர்கேட் மாதிரி இருக்கா, இல்லையா? அப்படி அளந்தால் 1980இல் வந்த அட்டாரி 2600 பதிப்பு முதல் சுற்றிலேயே அவுட். தைட்டோவுக்காக தொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் செய்த மூலத்தில் 55 எதிரிகள், 4 அரண்கள். 2600இல் 36 பேர், 3 அரண்கள். உருவங்களும் வேற.

ஆனால் அந்த இயந்திரத்தின் நினைவகம் வெறும் 128 பைட். முழுத்திரையைச் சேமிக்க இடமே இல்லை. தொலைக்காட்சி ஒவ்வொரு கோடாகக் கீறக் கீற, அந்தந்தக் கோட்டை அந்த நேரத்திலேயே கணக்குப் பார்த்துக் குடுக்கவேணும். அதுக்குள்ள ரிக் மோரர் 112 வகை ஆட்டங்களை வைச்சார்: அசையும் அரண், கண்ணுக்குத் தெரியாத எதிரி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் விளையாடுறது.

அட்டாரியின் 8-பிட் கணினிகள் இதைவிட எவ்வளவோ பலசாலி. அதுக்கு ரொப் ஃபுலொப் செய்த பதிப்பில் இடப்பக்கம் ஒரு ரொக்கெட் நிக்கும், எதிரிகள் அதுக்குள்ள இருந்து வருவினம். பார்க்க வடிவுதான். அரண்தான் இல்லை! பதுங்கி நிண்டு, எங்கட சுவரையே சுட்டு ஓட்டை போட்டு, அதுக்குள்ளால குறி பார்க்கிறதுதானே இந்த ஆட்டத்தின்ர உயிர்?

1985இல் ஃபமிகொமுக்கு வந்தது ஆர்கேட்டுக்கு மிகக் கிட்ட. ஏழு வருசம் கழிச்சு நகல் எடுத்து என்ன செய்யிறது? எனக்கு 2600தான்.