செத்த பிறகுதான் செய்தியாளரா?

2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆம் நாள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள். காவல்துறை சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டனர். இணையமும் முடக்கப்பட்டது. நடந்ததைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார் அன்றைய முதல்வர். அந்தத் தொலைக்காட்சிக்குக் காட்சி எங்கிருந்து வந்தது? வேனின் மேலேறிக் குறிபார்த்த, சீருடை அணியாத காவலரை உலகுக்குக் காட்டியது யார்? துப்பாக்கிக்கும் மக்களுக்கும் நடுவில் கேமராவோடு நின்றவர்கள்.

என் பள்ளித் தோழனும் அன்று அங்கே நின்றான். விடியற்காலையில் மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுவான். பிறகு ஒரு செய்தி நிறுவனத்துக்குப் பகுதிநேர நிருபர். அடையாள அட்டை கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. அவன் எடுத்த படம் வந்தது, பெயர் வரவில்லை. கேட்டதற்கு, "நீ நம்ம ஸ்டாஃப் இல்லையேப்பா" என்றார்களாம்.

கடலுக்கு அக்கரையில் இன்னொரு துறைமுக ஊர், திருகோணமலை. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றது படைத்தரப்பு. 'சுடர் ஒளி' நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களோ துப்பாக்கிக் காயங்களைக் காட்டின. பொய் அம்பலமானது. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்த அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 படையினரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர்.

2021 அக்டோபர் 3, உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி. போராடிய விவசாயிகள் மீது அன்றைய ஒன்றிய இணையமைச்சர் அஜய் மிஸ்ரா குடும்பத்தின் வண்டி ஏறியது. அன்று செத்த எட்டுப் பேரில் ஒருவர் உள்ளூர்ச் செய்தியாளர் ராமன் காஷ்யப். விவசாயிகளே அவரை அடித்துக் கொன்றதாகக் கதை கிளம்பியது. வண்டி மோதித்தான் செத்தார் என்று குடும்பம் உறுதியாகச் சொன்னது.

ஏன் இவர்கள் குறிவைக்கப்படுகிறார்கள்? கொல்வதோடு அரசின் வேலை முடிவதில்லை. எப்படிச் செத்தார்கள் என்று எழுதும் உரிமையும் அதற்கு வேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியைக் காவல்துறை தாமிரபரணிக்குள் விரட்டியடித்தது. 17 பேர் இறந்தனர், பெரும்பாலோர் தலித் மக்கள். ஆணைய அறிக்கையில் அவர்களில் பெரும்பாலோர் 'நீரில் மூழ்கி' இறந்தவர்கள். அந்தச் சொல்லைப் பொய்யாக்கும் படம்தான் அதிகாரத்துக்கு ஆபத்து.

அந்தப் படத்தை எடுப்பவர் தெருவில் நிற்கிறார். எதைப் போடுவது என்று முடிவெடுப்பவர்கள் யார்? 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் இந்திய ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளை ஆராய்ந்தன. 106இல் ஆதிக்கச் சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. சாவைப் பதிவு செய்பவரைப் பெயரற்றவராக வைத்திருப்பது இந்தக் கட்டமைப்புதான். பெயரற்றவரைக் கொல்வது எளிது.

செய்தியாளர் பாதுகாப்புக்கு மகாராஷ்டிரம் 2017இல் சட்டம் இயற்றியது. ஆனால் இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரே அதன்படி ஊடகர். ஏலக்கூடத்தில் கணக்கெழுதும் என் தோழன் அதற்குள் வரமாட்டான். தமிழ்நாட்டில் நாம் கேட்க வேண்டிய சட்டம், பகுதிநேர நிருபரிலிருந்து தொடங்க வேண்டும். அடையாள அட்டை, ஊதியம், காப்பீடு, படத்துக்குக் கீழே பெயர்.

நாமும் யோக்கியர்கள் இல்லை, தோழர்களே. நினைவுநாள் சுவரொட்டியில் அவர்கள் எடுத்த படங்களைப் போடுகிறோம், பெயரைப் போடுகிறோமா? என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் வரைவிலும் தோழனின் படத்துக்குக் கீழே நிறுவனத்தின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். இப்போது திருத்திவிட்டேன். அவன் உயிரோடு இருக்கும்போதே.