சணல் கதவும் சோடாத் தண்ணீரும்

ஹூக்ளியின் இரு கரையிலும் ரயிலில் போய்வரும் நம்மவர்களுக்குச் சணல் ஆலைகளின் புகைபோக்கிகள் பழகிய காட்சி. 1855-ல் ரிஷ்ராவில் தொடங்கிய இத்தொழில் இன்றும் பெரும்பாலும் சாக்கை நம்பித்தான் நிற்கிறது. தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்கில் கட்டவேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு ஊன்றுகோல். ஊன்றுகோலை மட்டும் நம்பி எத்தனை நாள் நடப்பது?

சணல் நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திக் கதவு, தடுப்புப் பலகை, காரின் உட்பக்கத் தகடு எல்லாம் செய்யலாம். கண்ணாடி நாரைவிட எடை குறைவு. ஆண்டுதோறும் வயலில் விளைவது. ஆனால் ஒரு சிக்கல். சணல் தண்ணீரை விரும்பும். பிசினோ தண்ணீரை வெறுக்கும். இரண்டும் சரியாக ஒட்டாவிட்டால் கல்கத்தா மழைக்காலத்தில் கதவு ஊதிப்போகும்.

இதற்கு மருந்து பழையதுதான். 1850-ல் ஜான் மெர்சர் பருத்திக்குக் காப்புரிமை பெற்ற காஸ்டிக் சோடாக் குளியலே சணலுக்கும் உதவுகிறது. சுமார் 5 சதவீதக் கரைசலில் ஊறவைத்தால் மெழுகும், ஈரத்தை இழுக்கும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் கரைந்து, நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிசின் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். காரம் மிஞ்சினால் நாரே நைந்துவிடும். பிறகு அலசி, நீர்த்த அசெடிக் அமிலத்தில் காரத்தைப் போக்கி உலர்த்தவேண்டும்.

சரி, அலசிய தண்ணீர் எங்கே போகிறது? இதுதான் என் கேள்வி. காரமும் லிக்னினும் கலந்த அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் ஹூக்ளிக்குத்தான் போகும். பல்தாவில் அதே ஆற்றுநீரைச் சுத்தம் செய்துதான் நகரம் குடிக்கிறது. அப்புறம் 'இயற்கைப் பொருள்' என்று கதவில் எழுதி ஒட்டுவதில் என்ன பொருள்?

வழி இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்திய சோடாவைத் திட்டப்படுத்தி மறுபடியும் பயன்படுத்தலாம். கழிவில் அமிலம் சேர்த்தால் லிக்னினில் பெரும்பகுதி அடியில் படியும். மீதியையும் சுத்திகரித்தே வெளியே விடவேண்டும். சிறு பட்டறைக்கு இது தனியாகக் கட்டுப்படியாகாது. பல பட்டறைகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது அரசின் கடமை.

விலை கூடுமே என்பார்கள். கூடட்டும். ஆற்றின் தலையில் கட்டும் செலவை நாம்தானே பிறகு வேறு வழியில் கொடுக்கிறோம்?

புது ஃபிளாட்டுக்குச் சணல் கதவு வாங்கும் அன்பர்கள் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாரைப் பக்குவப்படுத்தினீர்களா? அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள்? நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.