மூன்று பாட்டில் மூடநம்பிக்கை

பள்ளி ஓவியப் போட்டி என்றால் பரிசளிப்பு விழா உண்டு. விழா என்றால் சிறப்பு விருந்தினர் உண்டு. அவர் ஓவியத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசியே ஆகவேண்டும் என்பதால் அந்தப் பேச்சும் உண்டு: உலகத்தில் மூல நிறங்கள் மூன்றுதான் பிள்ளைகளே, சிவப்பு, மஞ்சள், நீலம், மும்மூர்த்திகள் மாதிரி, இந்த மூன்றிலிருந்து எல்லா நிறங்களும் பிறக்கும், ஆனால் எதைக் கலந்தாலும் இந்த மூன்றும் பிறக்காது. உடனே கைதட்டல்.

ஊர் மாறும், விருந்தினர் மாறுவார், போர்த்துகிற பொன்னாடை மாறும்; இந்தப் பேச்சு மட்டும் மாறாது. வருடக்கணக்காகக் கேட்டுச் சலித்துவிட்டது. அண்மையில் ஒரு பெரியவர் இதோடு நிறுத்தாமல், இதை நியூட்டனே நிரூபித்தார் என்றும், நம் முன்னோர் அதற்கு முன்பே கண்டுபிடித்தார்கள் என்றும் இரண்டு பக்கவாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டார். இனிமேலும் பொறுப்பதற்கில்லை.

நியூட்டனை முதலில் விடுவித்துவிடலாம். 1704-இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் அவர் பெயர் சொன்ன நிறங்கள் ஏழு. ஸ்வரங்கள் ஏழு என்பதற்காக நிறங்களையும் ஏழாகப் பகுத்தார் என்று அவரைக் குறை சொல்லலாம். மூன்று என்று சொன்னார் என்று மட்டும் பழிபோடக் கூடாது.

அடுத்து முன்னோர். நாட்டிய சாஸ்திரம் நடிகர்களுக்கு ஒப்பனை சொல்லும்போது இயல்பான நிறங்கள் என்று நான்கைச் சொல்கிறது: வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் ஐந்து என்கிறது. வெள்ளையும் கறுப்பும் அதில் சேர்த்தி. மேடையேறும்போது முன்னோரைத் துணைக்கு அழைப்பவர்கள், அவர்கள் என்ன எழுதினார்கள் என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு அழைத்தால் முன்னோருக்கும் மரியாதையாக இருக்கும்.

இனி அந்த மும்மூர்த்திகள். சிவப்பை எதைக் கலந்தாலும் உண்டாக்க முடியாது என்பதுதானே இந்த மதத்தின் முதல் மந்திரம்? சிவகாசிக்குப் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆஃப்செட் அச்சகத்தில் பல வண்ண காலண்டர் ஓடும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தாள் நான்கு யூனிட்களுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. நான்கிலும் என்ன மை? கறுப்பு, சையான், மெஜந்தா, மஞ்சள். சையான் என்பது வானத்தின் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே நிற்பது. மெஜந்தா என்பது நம் வீட்டுப் பெண்கள் ராணி கலர் என்று சொல்கிற அந்தக் கத்தும் இளஞ்சிவப்புக்கு மிக நெருக்கமானது. சிவப்பு என்று ஒரு மை அந்த வரிசையிலேயே கிடையாது. சிறப்பு விருந்தினர் சொல்கிற நீலமும் கிடையாது. ஆனால் மறுமுனையில் தாள் வந்து விழும்போது அம்மனின் புடவை செக்கச் செவேலென்று இருக்கிறது, நெற்றிக் குங்குமம் சிவந்திருக்கிறது, முருகனின் மயில் கழுத்து ஆழ்ந்த நீலத்தில் மின்னுகிறது.

மிஷின்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன லென்ஸை வாங்கி அந்தப் புடவையின் மேல் வையுங்கள். சிவப்பு மறைந்துவிடும். மெஜந்தாப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெரியும். மயில் கழுத்தின்மேல் வைத்தால் சையானும் மெஜந்தாவும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் ரெஜிஸ்டர் கொஞ்சம் விலகிப்போன தாள் என்றால் லென்ஸ்கூட வேண்டாம்: அம்மனின் உதட்டுக்கு ஒரு பக்கம் ராணி கலரில் ஒரு கோடு பிதுங்கி நிற்கும், மறுபக்கம் மஞ்சள் கோடு. உண்டாக்கவே முடியாத அந்தச் சிவப்பு எப்படி உண்டானது என்று அந்த இரண்டு கோடுகளும் வாக்குமூலம் கொடுக்கும். நம் தெருமுனை பிரவுசிங் சென்டரில் இருக்கிற பிரிண்டரின் இங்க் டேங்குகளைப் பார்த்தாலும் இதே நான்குதான். பிள்ளைகளுக்குக் கொடுத்த சான்றிதழின் ஓரத்தில் கலர் பிரிண்டில் பூத்திருந்த சிவப்பு ரோஜாக்களும் இந்த வழியில் வந்தவையே. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பேச்சு நடந்தது.

காரணம் ஒன்றும் மாயம் இல்லை. சாயம் என்பது ஒளியைத் தின்னும் பொருள். வெள்ளை வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பெரும் பங்காக வைத்துக்கொள்வோம். மஞ்சள் மை நீலப் பங்கை மட்டும் தின்னும், மெஜந்தா பச்சைப் பங்கை, சையான் சிவப்புப் பங்கை. மெஜந்தாவின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சையும் நீலமும் போய்விடும், சிவப்பு மிஞ்சும். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பங்கு மட்டும் தின்பதால் இரண்டு பேர் சேர்ந்தாலும் மூன்றாவது பங்கு பிழைக்கிறது.

இப்போது சிறப்பு விருந்தினரின் பாட்டில்களுக்கு வருவோம். ஸ்கார்லெட் சிவப்பு ஒரு பாட்டில், பிரஷ்யன் நீலம் ஒரு பாட்டில். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று சொல்லிக்கொடுத்தாயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை நம்பிக்கையோடு கலக்கிறது. வருவது என்ன? பழைய புளியின் நிறம். ஸ்கார்லெட் பச்சையையும் நீலத்தையும் சேர்த்து விழுங்கும் சாயம். பிரஷ்யன் நீலம் சிவப்பை விழுங்கும். ஒன்று விட்டுவைத்ததை மற்றொன்று முடித்துவிடும். பிள்ளை இன்னும் கொஞ்சம் சிவப்பு விடுகிறது, இன்னும் கொஞ்சம் நீலம் விடுகிறது. புளி கெட்டியாகிறதே தவிர ஊதா வருவதில்லை. அப்போது வாத்தியார் எட்டிப் பார்த்து, “அளவு சரியில்லை, பிரஷ்ஷை நல்லாக் கழுவினியா?” என்று கேட்கிறார். தப்பு பாட்டிலில் இருக்கிறது. பழி பிள்ளையின் கைக்குப் போகிறது. நமக்குக் கலர் வராது என்று முடிவுகட்டி பிரஷ்ஷைக் கீழே வைத்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது நியூட்டனுக்காக அல்ல, இவர்களுக்காகத்தான்.

அதே பெட்டியில் ஸ்கார்லெட்டுக்குப் பதில் கிரிம்சனையும், பிரஷ்யனுக்குப் பதில் அல்ட்ராமரினையும் எடுத்திருந்தால் கண்ணுக்கு நிறைவான ஊதா வந்திருக்கும். இரண்டுமே சிவப்பும் நீலமும்தான். ஆனால் எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்பதுதான் ஓவியனின் கேள்வி. மும்மூர்த்திக் கொள்கையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பச்சைக்கும் இதே கதி: பிரஷ்யனும் எலுமிச்சை மஞ்சளும் சேர்ந்தால் வாழைக்குருத்து, அல்ட்ராமரினும் ஆரஞ்சுச் சாயல் கொண்ட மஞ்சளும் சேர்ந்தால் வெயிலில் காய்ந்த இலை.

சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயம் போட்டவர்கள் ஊதாவுக்கு வைத்திருந்த வழியைக் கேட்டால் சிறப்பு விருந்தினருக்கு மயக்கமே வரலாம். படிகாரம் தடவிய துணியைச் சாயவேர்க் கொதியில் போட்டால் சிவப்பு. இரும்புக் கரைசல் தடவிய துணியை அதே கொதியில் போட்டால் கறுப்பு. இரண்டையும் கலந்து தடவிப் போட்டால் ஊதா. ஒரே பானை, ஒரே வேர். நீலத்தின் பேச்சே இல்லை. ஐரோப்பாவே அந்தத் துணிக்கு அலைந்தது.

“அச்சு வேறு, ஓவியம் வேறு” என்று ஒரு பதில் வரும். காகிதத்தின்மேல் பூசும் அச்சு மை சாயம் இல்லாமல் வேறென்ன? “செல்போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்கிறார்களே” என்று இன்னொரு பதில் வரும். அது ஒளியைக் கூட்டுகிற கணக்கு, இது ஒளியைக் கழிக்கிற கணக்கு. அங்கேயும் மூல நிறங்களின் பட்டியலில் மஞ்சள் இல்லை என்பதை விருந்தினர் கவனித்தால் நல்லது.

சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற இந்த மூன்று எங்கிருந்து வந்தது? ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஜாக்கப் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன் என்பவர் சிவப்பு, மஞ்சள், நீலத் தகடுகளை வைத்து வண்ணப் படம் அச்சடிக்க முயன்றார். 1725 வாக்கில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். லண்டனில் அவர் நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. பிற்பாடு மூன்று தகடுகள் போதாமல் கறுப்புத் தகட்டையும் சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் கிடைத்ததை வைத்துச் செய்தார். மெஜந்தா என்ற சாயமே 1859-இல்தான் பிறந்தது. இன்றைய சையானுக்கு அடிப்படையான தாலோ நீலம் சந்தைக்கு வந்தது 1935-இல். அன்று அவருக்குக் கிடைக்காதது இன்று நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் தொங்குகிறது. ஆனாலும் லெ ப்ளோனின் கைச்சுருக்கம் நமக்கு வேதமாகிவிட்டது. நடுவில் பௌஹவுஸில் பாடம் நடத்திய ஜோஹன்னஸ் இட்டன் 1961-இல் வெளியிட்ட நூலில் அதே மூன்றை நடுமுக்கோணமாக வைத்துப் பன்னிரண்டு நிறச் சக்கரம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அழகான சக்கரம். சுவரில் மாட்ட ஏற்றது. அதனால்தான் எல்லா வகுப்பறைச் சுவரிலும் மாட்டியிருக்கிறது. மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-லேயே ஐந்து முதன்மை நிறங்களை வைத்து வேறொரு அமைப்பைத் தந்திருந்தார். அது பம்பரம் மாதிரி சுவரில் சுற்றிக் காட்ட வசதிப்படாது போலும்.

அப்படியானால் சிவப்பு, மஞ்சள், நீலத்தை இறக்கிவிட்டுச் சையான், மெஜந்தா, மஞ்சளை மும்மூர்த்திகளாக ஏற்றிவிடலாமா? கூடாது. எந்த மூன்றை எடுத்தாலும் எல்லா நிறமும் வராது. சிவகாசியிலேயே பளீரென்ற ஆரஞ்சு கேட்டால், மினுங்கும் தங்கம் கேட்டால், நாலு கலரில் வராது என்று ஐந்தாவதாக ஸ்பெஷல் கலர் மையை ஊற்றுவார்கள். கலக்கக் கலக்க ஒளி குறையும். கலவைக்குள் சிக்காத நிறங்கள் எப்போதும் வெளியே நிற்கும். மயில் கழுத்துப் பட்டு நெய்கிறவர் நீலத்தையும் பச்சையையும் பாத்திரத்தில் கலப்பதில்லை. பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று விட்டுவிடுகிறார், புடவை அசைய அசைய நிறம் மாறுகிறது. அசல் மயிலின் இறகில் நீலச் சாயமே இல்லை. உள்ளே இருப்பது கரும்பழுப்பு நிறமி, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் நமக்கு நீலம் தெரிகிறது.

நீலமே இல்லாமலும் நீலம் காட்டலாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் வழங்கும் வண்ணத்தட்டில் இருப்பவை நான்கு: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல், சூடான தோல் நிறத்துக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டவர். அங்கே கறுப்புச் சாயம் வெளுப்பாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நூலின் நிறம் கறுப்பைக் கெடுத்திருந்தது. அதைத் துருவித் துருவி 1839-இல் பெரிய நூலே எழுதினார். நிறம் பாட்டிலுக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி, வெள்ளை என்றால் தூய்மை என்று பேச்சின் கடைசியில் ஒரு பட்டியலும் வரும். வெள்ளை வேட்டிகள் நிறைந்த நம் அரசியல் மேடைகளைப் பார்த்த பிறகும் அந்தக் கடைசி வரியைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

கடைசியாக ஒரு கேடயத்தைத் தூக்குவார்கள்: சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும், எளிமையாகச் சொல்ல வேண்டாமா என்று. எளிமையாகச் சொல்லலாம். பொய்யாகச் சொல்லக் கூடாது. மெஜந்தா என்ற பெயர் பிள்ளைகளுக்குக் கடினம் என்றால் ராணி கலர் என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

ஓவிய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெயிண்ட் வாங்கும்போது முன்பக்கத்தில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். நல்ல டியூப் என்றால் பின்பக்கத்தில் நிறமியின் எண் இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின், பி.பி. 27 என்றால் பிரஷ்யன், பி.பி. 15 என்றால் தாலோ நீலம், பி.ஆர். 122 என்றால் மெஜந்தா. ஒரு மெஜந்தாவும் ஒரு தாலோ நீலமும் கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். எதோடு எதைக் கலந்தால் என்ன வருகிறது என்று பிள்ளைகளே கட்டம் போட்டுப் பூசிப் பார்க்கட்டும். சுவரில் இருக்கும் சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். அதில் இருக்கும் சிவப்பும் மெஜந்தாவும் மஞ்சளும்தான்.